எஃப் ஷார்ப்

நூற்றிருபது கட்டம் உள்ள பாட்டில்
எஃப் ஷார்ப் ஏழு முறை வரும்.
ஏழும் என்னுடையவை.
மிச்ச நேரமெல்லாம் எண்ணுவேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில்
பத்துப் பத்தாக மாத்திரை தள்ளிப் பழகிய விரல்.
அதனால்தான் சேர்த்தார்களோ என்னவோ.
என் தேர்வன்று கிறிஸ்டபெல் டீச்சர்
மணியைக் கையில் கொடுத்துவிட்டு
"அடிக்காதீங்க" என்றார்.
பதினாறு கட்டம் அடிக்காமல் நின்றேன்.
முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு லாரி அலறிக்கொண்டு போனது.
மின்விசிறி ஒருமுறை தடுமாறியது.
பதினேழில் அடித்தேன்.
"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வாங்க.
கையுறை வெள்ளையா இருக்கணும்."

வீட்டில் இரண்டு தோசைக்கரண்டிதான் மணி.
மாடிவீட்டுக்காரர் இறங்கிவந்து கேட்டார்:
"விட்டு விட்டு ஒரு சத்தம் கேக்கு,
பைப்பு எதுவும் சொட்டுதாம்மா?"

இருபத்தைந்து மணி, பன்னிரண்டு பேர்.
மிஞ்சும் ஒன்றை, யார் கை அப்போது சும்மாயிருக்கிறதோ
அவர் எடுத்துக்கொள்வார்.
முழுப் பாட்டும் எங்களில் ஒருவருக்கும் வராது.
மேலப்பாளையம் சைக்கிள்கடை செய்யது மசூதிடம் இரண்டு சுரம்,
டீச்சரின் மைத்துனியிடம் இரண்டு.
ஜென்சி ஷார்ஜாவுக்குப் போன வாரம்
பி ஃபிளாட்டுக்கு ஆளில்லை.
பல் போன சீப்பால் தலைவாரியது மாதிரி
இருந்தது பாட்டு.

ஆடிக் காற்றில் தாள்கள் பறக்கப் பறக்கத் தேர்வு.
இம்முறை நான் மேசைக்கு இந்தப் பக்கம்.
பத்தொன்பது பேர்.
கல்லூரிப் பையன் ஒருவன், கை மின்னல்தான்,
மூன்றாம் கட்டத்திலேயே அடித்துவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
அப்புறம் உச்சினிமாகாளி.
பேட்டை மில் மூடும்வரை அங்கே கணக்கர்.
வயது அறுபத்தெட்டு. வலக்கை நடுக்கம்.

மணியைத் தூக்கினார்.
அடிக்கச் சொல்வதற்குள்
அது தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது.
டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது.
உலுக்கு என்போம் அதை நாங்கள்.
மாதக்கணக்காய்ப் பழகியும்
எங்களுக்குச் சீராக வராத ஒன்று.
"சரி சார், நிறுத்துங்க."
நிறுத்தத்தான் பார்த்தார்.
இடக்கையால் வலக்கையைப் பிடித்தார்.
மணியைத் தோளோடு வைத்து அழுத்தினார்.
சட்டைக்குள் புகுந்த வண்டாய் அது இரைந்தது.

சீட்டு எழுதிப் போட்டோம்.
நானும் வேண்டாம் என்றுதான் எழுதினேன்.
"பரவால்ல, வாரேன்" என்றவர்
மேசைத் துணியில் ஒரு சுருக்கத்தை
நீவிவிட்டுப் போனார்.
பி ஃபிளாட்டை அந்தப் பையனுக்கே கொடுத்தோம்.

மார்கழிக்கு முந்தின சனிக்கிழமை கச்சேரி.
மழை விட்டும் விடாத சாயங்காலம்.
மண்டபம் முழுக்க ஈரக் குடை வாசனை.
இரண்டாம் வரிசையில் அவர்.

என் ஐந்தாவது மணி எழுபத்திரண்டாம் கட்டம்.
அறுபத்தெட்டில் அவர் கையைப் பார்த்தேன்.
மடியில் மஞ்சள் பைக்குள் விட்டு வைத்திருந்தார்.
பை நடுங்கிக்கொண்டிருந்தது.
செய்யது மசூதின் மணி எழுபத்துமூன்று என்றது.
என் கை இன்னும் கீழேயே.

ஆறாவதும் ஏழாவதும் தவறாமல் விழுந்தன.
கைதட்டல். டீச்சரே கவனிக்கவில்லை.
பி ஃபிளாட் பையனை
எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள்.

பெட்டிக்குப் போகவேண்டிய மணி
என் கையிலேயே இருந்தது.
காபி வரிசையில் அவர்.
டம்ளரில் பாதிதான் ஊற்றச் சொல்லி வாங்கியிருந்தார்.
"ஒண்ணு விழலைல்லா?" என்றார் மெல்ல.
"உங்களுக்கு இந்தப் பாட்டு தெரியுமா?"
"பாட்டு எங்க தெரியும் தாயி.
வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை
உங்க சன்னலுக்கு வெளியே
பஸ் ஸ்டாப்புலதான் நிக்கேன்.
ஒவ்வொருத்தர் மணியா எடுத்து எண்ணுவேன்.
ஒங்களுது ஏழு. இன்னைக்கு ஆறு."

வடைத்தட்டுக்கும் ஆட்களுக்கும் நடுவே
மணியைத் தூக்கி
அடித்தேன்.
யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.
ஓசை முழுக்க அடங்கும்வரை
டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றவர்
"ஏழு" என்றார்.